இருட்டாகவே இருக்க வேண்டிய குழாய்

என் ஆசை மாப்ள முருகேசா,

போன இடத்திலாவது உனக்கென்று யாரும் தனித் தம்ளர் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் அக்கா மகள் தேன்மொழி போன வாரம் என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பத்தாவதைத் தாண்டாத நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். "போட்டுக்கிட்டே வாங்கப்பா, இது கோயில் இல்ல" என்றாள்.

உன்னைக் கொண்டுபோன எய்ட்ஸ் கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறதாம். எனக்குப் புரிய வேண்டுமே என்று அதைக் கத்தரிக்கோல் என்றாள். அதை வைத்து வெட்டி வெட்டித்தான் கிருமி பெருகுகிறதாம். அங்கே கிருமி கிடையாது, கத்தரிக்கோல் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் துகள்களில் நூல் மாதிரி ஒன்றைக் கட்டி, வெளிச்சத்தை அடக்கி வைத்திருக்கிறாள். நூல் அறுந்தால் துகள் ஒளிரும்.

கத்தரிக்கோலை வெட்டவிடாமல் தடுக்கிற மருந்தை ஊற்றிய சின்னக் குழாய் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கும்பிடாதீங்கப்பா. மருந்து இருக்கும்போதே வெட்டுது. வெளிச்சம் வந்தா மருந்து தோத்துருச்சுன்னு அர்த்தம்."

"எதுக்குத் தோக்குது?"

"கத்தரிக்கோலு உருவம் மாறிருச்சுன்னா, ஒழுங்கா மாத்திரை போட்டாலும் கேக்காதுப்பா."

நீ வேளை தவறாமல் விழுங்கியதை உன் அக்கா பார்த்தவள். 'அவன் எங்க மாத்திரை போட்டிருப்பான்' என்று பேசியவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

நேற்று சமயநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "தாய்மாமன் எப்படித் தவறுனாரு?" என்று பையனின் அப்பா கேட்டார். நெஞ்சுவலி என்று சொல்லச் சொல்லி என் அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "எய்ட்ஸுங்க" என்றேன்.

"பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுது?"

"அதைத்தான்."

காபி தம்ளர் கீழே இறங்கியது. "வேற படிப்புக்கு மாத்திக்கிட்டா மேக்கொண்டு பேசலாம்."

"நாங்க மாப்பிள்ளைய மாத்திக்கிறோம்ணே."

எனக்கு இப்படிப் பதிலெல்லாம் வழக்கமாக மறுநாள் குளிக்கும்போதுதான் வரும் மாப்ள. நேற்று உடனே வந்துவிட்டது.

உன் நினைவு நாளுக்கு இந்தக் கடிதத்தையே போஸ்டராக அடித்து, பரவை மார்க்கெட் சுவரில் ஒட்டப்போகிறேன். "நோய் பேரெல்லாம் போடுவாகளாண்ணே?" என்று அச்சகக்காரர் தயங்கினார். பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன்.

தேன்மொழி படிப்பை விடமாட்டாள், நானும் விடவிடமாட்டேன். அவள் கல்யாண மேடையில் தாய்மாமன் இடத்தில் உன் படம் இருக்கும். நீ எப்படிப் போனாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் நம் வீட்டில் கை நனைக்கிறவனுக்குத்தான் பெண். இது சத்தியம்.

உன் அக்காளைக் கட்டியதால் உனக்கு வாய்த்த,
மச்சான்