நான் வாயில் வைக்காத பலகாரம்

சின்யோரா,

இன்று காலை, தண்டவாளத்தில் ஊர்ந்த ஸ்ட்ரீட்காரில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் குழந்தைக்குத் தோடம்பழம் உரித்தாள். தோலின் வாசம் என்னிடம் வந்ததும் என் கை தானாக வாயைத் துடைத்தது. எங்கிருந்தோ நீங்கள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

உங்கள் கண் முதன்முதலில் போனது அங்கேதான். காலேஜ் தெருவில் உங்கள் இத்தாலியப் பலகாரக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலை, கதவைத் திறக்குமுன் எல்லோரையும் நிறுத்தி, முதல் தட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டு தந்தீர்கள். சிப்பி வடிவத்தில் மடிப்பு மடிப்பான பலகாரம். உள்ளே பாற்கட்டி, கறுவாப்பட்டைத் தூள், தோடம்பழத் தோல். மற்றவர்கள் மென்று விழுங்கினார்கள். நான் வாயை அசைத்தபடி துண்டை ஏப்ரன் பைக்குள் நழுவவிட்டேன்.

மாவில் பன்றிக் கொழுப்பு இருந்தது. என்னை வேலைக்கு விட அம்மா கேட்டது ஒன்றுதான். "என்னத்தை எண்டாலும் பிசை, கழுவு. வாயிலை மட்டும் வைக்காதை." அதை உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வகுப்பில் ஆங்கிலம் பேசப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். இந்த வேலையும் போனால் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டின் யன்னலடியில் இருக்க வேண்டியதுதான்.

அந்தத் துண்டின் கதையை உங்கள் மகள் ரோசா பிறகு சொன்னாள். உங்கள் மாமனார் கடை தொடங்கிய காலத்தில் ஒருநாள் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்து, அந்தப் பலகாரம் ஒரு கலியாண வீடுவரை போய்விட்டதாம். அன்றிலிருந்து கடையில் உள்ளவர்கள் தின்று பார்க்காத எதையும் விற்பதில்லை என்று அவர் சட்டம் வைத்தார். அவருக்குப் பின் மூத்தவரான உங்கள் கணவரும் அவர் தம்பியும் கடையை நடத்தினார்கள். ஒரு மாரிகாலம் முழுக்க, வயிறு சரியில்லை என்று சொல்லித் தம்பி துண்டைத் தொடவேயில்லை. பனி கரைந்தபோது தெருவின் எதிர்ப்பக்கத்தில் அவருடைய சொந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை ஏறியது. உங்கள் கணவரின் இழவு வீட்டில்கூட நீங்கள் அந்தத் தம்பியோடு பேசவில்லையாம்.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் தின்னாமல் நின்றேன். நீங்கள் பூரணம் கிளறும்போது பின்னறைக் கதவைச் சாத்தினீர்கள். நான் எதையாவது துடைத்தால், ஏன் அதைத் துடைக்கிறேன் என்று பார்த்தீர்கள். ஒருநாள் ரோசாவிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னீர்கள். அவள் சிரித்துக்கொண்டு எனக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள்: "உவள் சத்தமில்லாமல் தின்னுறாள் எண்டு அம்மா சொல்லுறா." அந்தப் பலகாரம் பல்லில் பட்டால் நொறுங்கும், அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்கும். ஒருநாளும் கடித்துப் பார்க்காத எனக்கு, எல்லோரும் ஒன்றாய் நொறுக்கும்போது என் சத்தம் மட்டும் இல்லாதது எப்படித் தெரியும்?

சாப்பாட்டைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. மாலையில் கடைக்கு முன்னாலுள்ள ஸ்ட்ரீட்கார் தரிப்பிடத்தில் மீசைக்காரக் கிழவர் ஒருவர் நிற்பார். ஒருநாள் என் பையை முகர்ந்து பார்த்து, அதைத் தருகிறாயா என்று கேட்டார். கொடுத்தேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தின்பார். அவர் ஒருநாளும் ஸ்ட்ரீட்காரில் ஏறாததை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு மாலையில்தான் கோட்டுமில்லாமல், மாப் படிந்த செருப்போடு ஸ்நோவைக் கடந்து வந்தீர்கள். அவர் மீசையில் ஐசிங் சீனி ஒட்டியிருந்தது. நீங்கள் நீளமாகப் பேசினீர்கள். அவர் ஒரேயொரு வசனம் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குள் போனார். உங்கள் பின்னால் ஓடிவந்த ரோசா என் காதில் சொன்னாள்: "இவர்தான் சித்தப்பா. தாத்தா போட்டதை விடத் தோடம்பழத் தோல் குறைவாம்."

"எவ்வளவு காலமாய் உவனுக்குக் காவிக் குடுக்கிறாய்?" என்று கேட்டீர்கள்.

அவர் யாரென்று தெரியாது என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தீர்கள்.

மறுநாள் ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன். நீங்கள் வழமைபோலத் துண்டை நீட்டி, "தின்" என்றீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதிலை பன்றிக் கொழுப்பு இருக்கு. நாங்கள் தின்னுறேல்லை."

"முதலே ஏன் சொல்லேல்லை?"

"வேலையாலை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு."

உங்கள் துண்டை நெடுநேரம் மென்றீர்கள். பிறகு என் துண்டைக் காகிதத்தில் சுற்றி, நீங்களே என் பைக்குள் வைத்தீர்கள். "கொண்டுபோய்க் குடு. என்ன சொல்லுறான் எண்டு எனக்கு வந்து சொல்லு."

அவருடைய உளவாளி என்று நினைத்தவளை உங்கள் உளவாளி ஆக்கிவிட்டீர்கள்.

அவர் கறுவா கூடிப்போச்சு என்பார். நான் வந்து சொன்னால், அவன் எங்கள் கைப்பக்குவத்தைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று நீங்கள் திட்டுவீர்கள். அடுத்த நாள் கறுவா குறைந்திருக்கும். அவரும் இலேசுப்பட்டவர் இல்லை. "அவள்தான் கேக்கச் சொன்னவளோ?" என்று என்னைத் துருவுவார். நான் நிலத்தைப் பார்ப்பேன். இரண்டுபேருக்கும் என்மேல் முழு நம்பிக்கை வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக நீங்கள் கதவடியில் காத்து நின்றீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

நீங்கள் போனபின், தேவாலயத்தில் உங்கள் இறுதிப் பூசைக்கு அவர் வந்தார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு முதலில் வெளியேறினார். கடை விலைக்கு வருமா என்று பார்க்க வந்திருப்பார் என்றாள் ரோசா. அவள் குரலில் உங்களைக் கேட்டேன்.

போன கிழமை கடையைத் திரும்பத் திறந்தோம். ரோசா தனியே பூரணம் கிளறினாள். எல்லோரும் அழுதபடி மென்றார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கறுவா வாசமே இல்லை என்று தின்னாத எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லட்டும் என்று காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன்.

அவர் கடைசித் துணுக்குவரை தின்றார். நான் காத்து நின்றேன்.

"எல்லாம் சரி. ஒண்டும் குறையேல்லை."

பொய் சொன்னார், சின்யோரா. இழவு வீட்டாரிடம் குறை சொல்ல மனம் வரவில்லையோ, பிழையான பலகாரத்தையே விற்று அழியட்டும் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் முகத்தை உங்களைப்போலவே உற்றுப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

என்ன சொன்னார் என்று ரோசா கேட்டாள்.

"கறுவா போடேல்லையாம்" என்றேன்.

அவரைத் திட்டிக்கொண்டே கறுவாப் போத்தலை எடுத்துப் பார்த்தாள். அடுத்த நாள் கடை முழுக்கக் கறுவா மணந்தது.

அவர் உண்மையில் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. அவர் சொல்வதை வந்து சொல்லச் சொன்னது நீங்கள்தான், அது உங்களுக்கு உரியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.