நந்தி வெளியே தெரிந்தபோது

அரியலூர்,
4-7-83

அன்புள்ள மாமாவுக்கு, சிந்தாமணி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீங்க மேட்டூர் மின்நிலையத்துக்கு வேலைக்குப் போய் நாலு மாசம் ஆச்சு. வேளைக்குச் சாப்பிடுங்க. புள்ளம்பாடி வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கு. அணையை எப்பத் திறப்பாங்கன்னு ஊரே என்கிட்டதான் கேக்குது. அணைக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியாதாமே, நிசமா?

அணையில தண்ணி இறங்கி, முங்கிப்போன கோயிலோட நந்தி வெளியே தெரியுதுன்னு எழுதியிருந்தீங்க. அதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். உளுந்து புடைச்சவங்க முறத்தைக் கீழே வெச்சிட்டு, "நந்திக்குப் பின்னால மேடு தெரியுதாமா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கோயில் இருந்ததுதான் அவங்க பிறந்த ஊராம். பதினேழு வருஷமா இந்த வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா?

உங்க அப்பா அணைக்குக் கல்லு சுமக்கப் போன இடத்துலதான் அத்தையைக் கட்டினாராம். அணை எழும்பினதும் ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். கதவு, உத்தரம் எல்லாத்தையும் பேத்து வண்டியில ஏத்தினாங்களாம். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோம், ராசாத்தியை மட்டும் எடுக்க முடியலை"ன்னாங்க. யாருன்னு கேட்டேன். மாமா, உங்களுக்கு ஒரு அக்கா இருந்திருக்கு. எட்டு மாசத்துல காய்ச்சல்ல போயிடுச்சாம். அந்த மேட்டுலதான் புதைச்சாங்களாம். மறுவருஷம் தண்ணி ஏறிடுச்சு.

மூணு நாளா அத்தை ரேடியோவை விட்டு நகரலை. குடகுல மழைன்னா எனக்குச் சந்தோஷம், அவங்க முகம் வாடிப்போகுது. நாத்து விட எனக்குத் தண்ணி வேணும், அவங்களுக்கு வேண்டாம். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு சாமிகிட்ட என்னன்னு கேக்குறது? வியாழக்கிழமை அத்தையை என் தம்பி கொளஞ்சியோட பஸ் ஏத்தி விடுறேன். ஒண்ணும் கேக்காம கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

இப்படிக்கு,
சிந்தாமணி

மேட்டூர்,
12-7-83

அன்புள்ள சிந்தாமணிக்கு,

அம்மா நல்லபடியா வந்து சேர்ந்தாங்க. மறுநாளே நந்தி இருக்கிற பண்ணவாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுக்குள்ள தண்ணி நந்தியோட கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. மேடு தெரியலை. திரும்பிடலாம்னு சொன்னேன். அம்மா நேரா பரிசல்ல போய் உக்காந்துட்டாங்க.

நந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னாங்க. இந்த இடந்தான்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். "நந்தி முகத்துக்கும் அந்தக் கரட்டுக் குன்னுக்கும் நேரா"ன்னாங்க. அம்பது வருஷமா மனசுல அளந்து வெச்சிருந்திருக்காங்க. கையைத் தண்ணிக்குள்ள விட்டபடியே இருந்தாங்க. அழலை. "உங்கப்பன் சுமந்த கல்லுதான் புள்ளையை முக்கிடுச்சுன்னு சாகுற வரைக்கும் அவரைத் திட்டினேன்"ன்னாங்க. அப்பா ஏன் அணைப் பேச்சு வந்தாலே எழுந்து போவாருன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

நேத்து மின்நிலையத்தையும் பாக்கணும்னாங்க. கரண்ட் எடுத்தா தண்ணியில சத்து போயிடாதான்னு கேட்டாங்க. மேலேயிருந்து விழுற வேகத்துல சக்கரம் சுத்துது, தண்ணியில இருந்து எதையும் எடுக்குறதில்லை, வந்தது வந்தபடியே வெளியே போகுதுன்னு சொன்னேன். வெளியே போற தண்ணியை எட்டிப் பாத்தாங்க. "அப்ப, ஒண்ணும் குறையாம நம்ம ஊருக்கு வருமா?"ன்னாங்க. "வரும், அம்மா"ன்னேன்.

திறக்கிற தேதி இன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரேன். ராசாத்தியைத் தொட்ட தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர்ற அன்னிக்கு அவங்களை முதல்ல இறங்க விடு. மஞ்சள் குங்குமம் எடுத்துக்கிட்டு நீ பக்கத்துல நில்லு.

உன் அன்புள்ள,
குழந்தைவேல்