வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு

புக்கரெஸ்ட், 8 டிசம்பர் 1942
கரி வரவில்லை. ஒரே ஓர் அறையில்தான் கணப்பு. மூன்று தளபதிகளைக் கூட்டிவந்து அதையும் என் கணவர் பிடித்துக்கொண்டார். நாட்டை ஆளும் பெரியவருக்கு என் ஒக்டாவியன்தான் வலது கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் கிடந்தேன்.

9 டிசம்பர்
ஒக்டாவியன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பெரியவரைப் பிடிக்கப்போகிறார்கள். டான் நதிக்கரையில் ஒரு படையே உறைந்து செத்தும் போரை நிறுத்த மாட்டேன் என்கிறாராம். பிடிக்கப்போவது யார்? வருஷக்கணக்காக அவர் மேஜையில் சாப்பிட்டவர்கள்தான்.

"அவர் வாசல்ல காவல் நிக்கிறது என் தம்பி லாஸ்கராச்சே" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். அன்னிக்கு லாஸ்கரை இங்க சாப்பிடக் கூப்பிடு. காரணம் வாயில வந்துச்சுன்னா எங்க எல்லாருக்கும் தூக்குதான்."

10 டிசம்பர்
தொலைபேசியில் கூப்பிட்டேன். "நாளைக்கு மதியம் வாடா. பன்றிக்கறி வச்சு முட்டைக்கோஸ் இலையில சர்மாலே சுருட்டுறேன், உனக்குப் பிடிச்ச மாதிரி."

சிரித்தான். "கிறிஸ்துமஸ் நோன்புல, அதுவும் வெள்ளிக்கிழமை, நீ கறி சமைக்கிறியா? எண்ணெய்கூடத் தொட மாட்டியே அக்கா!"

கடவுளே, என் புத்தி எங்கே போச்சு? காளான்னு சொல்லியிருக்கலாமே, பயறுன்னு சொல்லியிருக்கலாமே!

"சும்மாதான்டா... பாக்கணும்போல இருந்துச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா நல்லா இருக்காரா?" என்றான். பிறகு, "நாளைக்கு எனக்குக் காவல் இருக்குக்கா. உடம்பைப் பாத்துக்கோ."

அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஒக்டாவியனிடம், "வரேன்னான்" என்றேன். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே அவனை முடித்துவிடுவார்கள்.

11 டிசம்பர்
வானொலியில் இசை மட்டும். அவன் வரவில்லை.

12 டிசம்பர்
பெரியவர் கைது. தெருவில் ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

லாஸ்கர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசலை விட்டும் நகரவில்லை. துப்பாக்கியைத் தொடவே இல்லையாம். ஆனாலும் சுட்டுவிட்டார்கள்.

"வரேன்னான்னு சொன்னியே?" என்று ஒக்டாவியன் கத்தினார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

14 டிசம்பர்
அடக்கம். அழுகை வரவில்லை. காலில் ஈரம் ஏறியது மட்டும் தெரிந்தது.

20 டிசம்பர்
பெரியவரின் நாற்காலியில் இப்போது ஒக்டாவியன். போர் இன்னும் கொஞ்ச காலம் நடக்கத்தான் வேண்டுமாம். அந்த மூன்று தளபதிகளும் இங்கே வருவதில்லை. அவர்களில் ஒருவர் வீட்டில் கூடுகிறார்களாம், அவர் மனைவியே வாய்தவறிச் சொன்னாள். ஒக்டாவியனிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் வாசல் காவலுக்குப் புதிதாக ஒரு கேப்டன் வந்திருக்கிறான். டீ கொடுத்தேன்.

"உனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஓர் அக்கா இருக்காங்கம்மா."

"அவ சாப்பிடக் கூப்பிட்டா, என்ன சமையல்னு கேக்காதப்பா. போயிடு."