அண்ணாந்து நின்ற பெண்

வியாழன், இரவு

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனுக்காக டீக்கடையில் நின்றோம். விண்வெளிக்குக் கிளம்பிய ராக்கெட் ஆட்களோடு வெடித்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. கீழே கூட்டத்தில், போனவர்களில் ஒருவரின் மனைவி, வெடித்த பிறகும் சிரித்த முகமாக அண்ணாந்து நின்றாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

"தெரிஞ்சுதானே ஏறுனாக" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

என்னோடு வேலை பார்க்கும் பேச்சியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். போன சீசனில் வெடிமருந்துக் கலவை அறை வெடித்து அவள் புருஷன் இறந்தார்.

"எங்க வீட்டுக்காரரும் தெரிஞ்சுதான் போனாரு. சத்தம் கேட்டப்ப வெடி போட்டுப் பாக்காகன்னு நெனச்சேன். சோறு வடிச்சுக்கிட்டே இருந்தேன். அந்தப் பிள்ளைய யாராச்சும் உக்கார வைங்க."

 கடைக்காரர் டிவியை அணைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "நாளைக்குக் கலவை அறைக்குப் போகாதீக" என்றேன்.

"சீசன்ல போர்மேன் விடுவாரா? பேசாமப் படு."

தூங்கிவிட்டார். எழுப்பி இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருக்கிறது. தூக்கம் கெட்டால் காலையில் மருந்து அள்ளும்போது கை நிதானமாக இருக்காது. எழுப்பவில்லை.