மொட்டப்பாறையின் நாற்பத்திரண்டாவது பறவை

ஜனவரி 19, ஞாயிறு

செல்லூரிலிருந்து எழுமலைக்கு இரண்டு பஸ். அப்புறம் மொட்டப்பாறை வரை நடை, முள், மூச்சிரைப்பு.

மலை, கண்மாய் என்று பதினொரு இடங்களில் வனத்துறைக்காகப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பாதுகாப்புப் பட்டியலில் ஐந்துக்குத்தான் இடம். மொட்டப்பாறை விடுபட்டால் குவாரி ஏலம். எங்கள் குழுவுக்கு ரவிசங்கர் அண்ணன் தலைவர். அடிவாரத்துக்காரி முத்துமீனா பறவையைப் பார்த்துச் சொல்வாள். எனக்குக் கையெழுத்து அழகாம், எழுதுவது என் தலையெழுத்து.

நாற்பத்தொரு வகை! பாறை இடுக்கில் ராசாளிக் கூடு, அதில் ஒரு குஞ்சு. முத்துமீனாவின் அப்பா காளை ஆடு மேய்ப்பதும் இங்கேதான். "குவாரி வந்தா ராசாளியும் நாங்களும் ஒண்ணாத்தான் மூட்டை கட்டணும் தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தாளில் கடைசி வரி காலியாக இருந்தது. கை சும்மா இருக்குமா?

"42. விசிலடிச்சான் பி.டி. பருந்து – 1. வழுக்கை, தொப்பை உண்டு."

எங்கள் பி.டி. வாத்தியாரேதான். அண்ணன் படித்துச் சிரித்துவிட்டு அந்த வரியை அடித்துவிடுவார்.

பிப்ரவரி 8

அண்ணன் படிக்கவே இல்லையாம். பஸ்ஸிலேயே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாராம். போகட்டும், அதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?

பிப்ரவரி 24

படித்துவிட்டார்கள்.

தல்லாகுளத்தில் கூட்டம். ஒரு அதிகாரி நாற்பத்திரண்டாவது வரியைச் சத்தமாக வாசித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றேன். "அது மட்டும் வெளையாட்டுக்கு எழுதினது சார். மத்ததெல்லாம் நெசம்."

"மத்ததும் உன் கையெழுத்துதானே தம்பி? கூட்டுக்கு போட்டோ இருக்கா?"

இருக்கிறது. போனில் எடுத்தது, ஒரு புள்ளி.

தாளையே ஒதுக்கிவிட்டார்கள். ஐந்து இடமும் நிரம்பிவிட்டது.

பஸ் ஏறும்போது முத்துமீனா, "இம்புட்டையும் நான் எண்ணுனேன்டா" என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 16

அவள் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். பாறை மேல் குவாரிக்காரர்கள் சிவப்பு பெயின்டில் போட்ட அம்புக்குறிகள், 1 முதல் 7 வரை எண்கள்.

கூடு எந்த நம்பருக்குப் பக்கத்தில்? பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியல. தெரிஞ்சு மட்டும் என்னத்தக் கிழிக்கப்போறேன்?

மார்ச் 30

"அண்ணே, மறுபடி எண்ணிக் குடுத்தா ஏத்துக்குவாங்களா?"

"எண்ணு. ஏத்துக்குவாங்களான்னு மட்டும் கேக்காத."

ஏப்ரல் 6, ஞாயிறு

மொட்டப்பாறை. காலை 6.20 முதல் 9.10 வரை. கிழக்குச் சரிவில் பாறையில் துளை போடும் மிஷின் ஒன்று, ஓடிக்கொண்டே இருந்தது. காளை ஆடுகளை மேலே விடவில்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை பார்த்துச் சொன்னது நான். எழுதியது முத்துமீனா.

பதினேழு வகை. கூடு இருந்தது. ராசாளி: 0.

"நல்லாப் பாத்தியா?"

மறுபடி பார்த்தேன். குஞ்சு பறக்கிற வயசுதான். பறந்து போயிருக்கும். போயிருக்கணும்.

"இல்ல" என்றேன்.

தாளில் பாதி காலியாக இருந்தது. யாரும் எதுவும் சேர்க்க முடியாதபடி, அவள் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.