பின்னாலிருந்து ஒரு சொல்

ஜூன் 6, சனி

நாளை அறுபது கிலோமீட்டர், ஒன்பது சைக்கிள். முன்னால் போகப்போவது நான்! ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போனால், அடுத்த மாத மூன்று நாள் பயணத்திலும் முன் இடம் எனக்குத்தான் என்று குழுவை நடத்தும் டெய்லர் அண்ணன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நாலு வருஷமாக இதற்காகத்தானே மிதிக்கிறேன்.

மாலையில் பின் சக்கர மட்கார்டைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மழை வரும்ங்கிறாங்க. எதுக்கு இப்போ அதக் கழட்டுற?"

"எடை குறையும்."

"எடை குறையணும்னா மட்கார்டையா கழட்டணும்?"

ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினேன். ஆள் சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

ஜூன் 7, ஞாயிறு

குளித்து முடித்தும் காதுக்குள் சேறு. கோபமும் அடங்கவில்லை.

பத்தாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. என் பின் சக்கரம் வாரியடித்த சேறெல்லாம் எனக்கு அடுத்து வந்த பல் டாக்டரின் முகத்தில். "ஏம்மா, ஊரு வாயெல்லாம் கழுவி விடுறேன், என் வாய்ல சேறா!" என்று கத்தினார். டெய்லர் அண்ணன் எல்லோரையும் நிறுத்தினார்.

"மட்கார்டு எங்க? சரி, நீ கடைசிக்குப் போ. நான் முன்னால போறேன்."

அவ்வளவுதான், போச்சு. என் திமிர், வேறு யாரைச் சொல்ல?

எனக்கு முன்னால் நூலகத்தில் வேலை செய்யும் பெண். குழுவில் சேர்ந்து மூன்றே வாரம். அவளுக்கு முன்னால், முகம் கழுவ நின்று பின்தங்கிவிட்ட பல் டாக்டர். இறக்கத்தில் எல்லோரும் வேகமெடுத்தார்கள். அவளுடைய பிரேக் ஈரத்தில் பிடிக்காமல் வழுக்குவது பின்னால் இருந்த என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. "பிரேக்க விட்டு விட்டுப் பிடி!" என்றேன். பயந்துபோய் வளைவில் ஒரேயடியாக அழுத்திவிட்டாள். சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"நிறுத்துங்க! ஆள் விழுந்தாச்சு!"

தொண்டை கிழியக் கத்தினேன். ஏழு பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள்! பல் டாக்டர் பிறகு ஒத்துக்கொண்டார்: "நீ ஏதோ கத்தினது கேட்டுச்சும்மா. ஆனா பின்னாடியிருந்து வர்ற சத்தத்த முன்னாடி சொல்லி நமக்குப் பழக்கமே இல்லையே."

உண்மைதான். குழி, மணல், நாய் — எல்லாம் முன்னாலிருந்து வரும்; வாங்கிப் பின்னால் சொல்வோம். முன்னால் அனுப்ப எங்களிடம் ஒரு சொல்கூடக் கிடையாது. முன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் இது உறைத்ததில்லை.

மூடிக் கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் அவளை உட்கார வைத்து, மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திரும்பி வருவாங்களா?"

"வராட்டி என்ன? நான் இருக்கேன்ல."

ஐம்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். டெய்லர் அண்ணன் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஜூன் 8, திங்கள்

அவளுக்கு எலும்பு முறிவில்லை, சுளுக்குத்தான். அப்பாடா!

ஜூன் 10, புதன்

டெய்லர் அண்ணன் கடைக்குப் போனேன். கழுத்தில் டேப்போடு பேன்ட் தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"மட்கார்ட மாட்டிட்டு வா. முன் இடம் உனக்குத்தான்."

நாலு வருஷ ஆசை. கையில் வந்து விழுகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேண்டாம்ணே. நான் கடைசில வரேன். ஆனா வேகத்த நான்தான் சொல்வேன்."

மெஷின் நின்றது. "முன்னால போறவன் கடைசி ஆளு பேச்சக் கேக்கணுமா? நல்ல கூத்தா இருக்கே!"

"கேக்காததாலதான் அம்பது நிமிஷம் ரோட்டோரமா நின்னோம்."

மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம், அவசரப்பட்டு விட்டேனோ என்று ஒரு பயம். இல்லை. சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 14, ஞாயிறு

அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கெஞ்சவெல்லாம் மாட்டேன்.

ஜூலை 3, வெள்ளி

மூன்று நாள் பயணத்தில் முதல் நாள். கிளம்பி அரை மணிக்குள் மழை.

நான் கடைசியில், முன்னால் டெய்லர் அண்ணன். பின்னாலிருந்து வரும் சொல்லையும் வாங்கி முன்னால் சொல்லணும் என்று கிளம்பும்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இறக்கம் தொடங்கியதும் நூலகப் பெண்ணின் தோள் விறைப்பதைப் பார்த்தேன். "மெதுவா!" என்றேன். அவள் வாங்கி முன்னால் சொன்னாள். பல் டாக்டர் சொன்னார். ஒவ்வொரு வாயாக ஏறி மழைக்குள் போனது. டெய்லர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார்.