இடது இறக்கைக்கு வாஷ் பூசுமுன்

அண்ணா, வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

மாடல் விமானத்தின் தகடு இணைப்புக் கோடுகளில் இறங்கி அவற்றை எடுத்துக்காட்டும் அந்த நீர்த்த கறுப்பு பெயிண்ட்டை, வாஷை, இன்றைக்கே பூசிவிடாதே. மற்ற பாகங்களில் நீ அடித்தது அக்ரிலிக், அதற்கு ஒன்றும் ஆகாது. இடது இறக்கை அப்பா படுக்கையில் விழுமுன் அடித்தது, எனாமல். பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எனக்கே சந்தேகமாக இருந்ததால், இறக்கையின் அடியில் சக்கரம் மறைக்கும் இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு சாம்பலாகிவிட்டது. வாஷிலும் அதே தின்னர்தான். கோட்டுக்கு வெளியே வழிந்ததை நீ துடைக்கும்போது அப்பா அடித்த பெயிண்ட்டும் கையோடு வந்துவிடும்.

முதலில் அதன் மேல் காப்பாக அக்ரிலிக் பளபள வார்னிஷை மெல்லிசாக அடி. நன்றாகக் காயட்டும். வாஷ் அதற்கப்புறம்தான்.

நேற்று நீ, "இறக்கையில அந்தக் கைரேகை அசிங்கமா இருக்கு, தேய்ச்சு எடுத்துடலாம்" என்றாய். "அப்ப அப்பா சட்டையையும் தூக்கிப் போட்டுடு" என்றேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

சாவி மீட்டர் பெட்டி மேல்.

இன்னொன்று. வாஷ் கோடுகளில் இறங்கும்போது, ஈரப் பெயிண்ட்டில் பதிந்த அப்பாவின் கட்டைவிரல் ரேகையிலும் இறங்கும். இதுவரை விளக்கில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அதை மட்டும் துடைக்காதே அண்ணா.